சொந்தத்தில் கட்டும் இன்ஜின்

கடலூரிலிருந்து விருத்தாசலம் போகிற சாலையில், குறிஞ்சிப்பாடிக்கு முன்னால் குள்ளஞ்சாவடி. சித்திரை மாதத்தில் இங்கே ஒரு டீக்கடை பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் பிக்கப் வண்டிகளின் பொருட்காட்சியையே பார்த்துவிடலாம். முந்திரிக்கொட்டை மூட்டையோடு ஒன்று, பண்ருட்டிப் பலாவோடு ஒன்று, கடலூர்த் துறைமுகத்து மீன்பெட்டியோடு ஒன்று, நெய்வேலிச் சுரங்க ஒப்பந்தக்காரரின் வெல்டிங் செட்டைத் தூக்கிக்கொண்டு ஒன்று. பல வண்டிகள் வாங்கிய அன்று இருந்த நிறத்தில் இல்லை. காது கொடுத்துக் கேட்டால், சில வண்டிகளின் சத்தமும் வாங்கிய அன்று இருந்த சத்தம் இல்லை என்று தெரியும். உள்ளே இருப்பது வேறு இன்ஜின்.

கேள்வி எப்போதும் ஒரே மாதிரிதான் பட்டறைக்கு வருகிறது. சேசிஸ் திடமாக இருக்கிறது. பின்பெட்டி போன வருஷம்தான் கட்டியது. கடன் முடிந்து ஆர்.சி. புக் கைக்கு வந்தாயிற்று. இன்ஜின் மட்டும் தேய்ந்துவிட்டது: ஆயில் குடிக்கிறது, ஏற்றத்தில் புகை தள்ளுகிறது, காலையில் ஸ்டார்ட் ஆக மூன்று பேர் தள்ள வேண்டியிருக்கிறது. எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டி ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும், அந்தத் தேதியும் நெருங்குகிறது. இந்த நேரத்தில், வண்டி உடைத்து விற்கும் கடையில் விபத்தில் நசுங்கிய ஒரு புது மாடலின் இன்ஜின் கிடப்பதாகச் சேதி வருகிறது. “அதைத் தூக்கி இதுல வெச்சிட்டா என்னண்ணே?”

வைக்கலாம். இந்த ஊர்ப் பக்கத்துப் பட்டறைகளில் வைக்க முடியாத இன்ஜின் என்று ஒன்று கிடையாது. வெல்டிங் செட்டும் லேத்தும் செயின் பிளாக்கும் இருந்தால் எதையும் எதிலும் உட்கார வைத்துவிடுவார்கள். உட்கார்ந்த பிறகு அது என்ன செய்யும் என்பதில்தான் வழக்கு. முப்பது வருஷத்துக்கு முன்னால் இது முழுக்க இரும்பு சம்பந்தப்பட்ட கேள்வியாக இருந்தது. இன்று கால்பங்குதான் இரும்பு. மீதியெல்லாம் ஒயரும் காகிதமும். அதனால், பழைய பிக்கப்புக்கு நல்ல மாற்று இன்ஜின் எது என்று கேட்டால் சந்தையில் கிடைப்பதிலேயே புதியதை நான் காட்ட மாட்டேன். அந்த வண்டியின் சொந்த வம்சத்தில் கடைசியாகப் பிறந்தது எதுவோ அதைத்தான் காட்டுவேன். குள்ளஞ்சாவடி மெக்கானிக் ஒருவர் இதையே சுருக்கமாகச் சொன்னார்: “சொந்தத்துலயே கட்டுங்க, சண்டை கம்மியா வரும்.” சொந்தத்தில் கட்டிய வீடுகளில் நடக்கும் சண்டைகள் அவருக்குத் தெரியாதவை அல்ல. இன்ஜின் விஷயத்தில் அவர் சொன்னது சரி.

நம் ஊரில் இன்ஜின் மாற்றம் புதுப் பழக்கம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது தமிழ்நாட்டுப் பேருந்துகள் கரிவாயுவில் ஓடின. டி.வி.எஸ். நிறுவனம் அதற்கான கேஸ் பிளான்ட்டைத் தானே செய்து விற்றது. பேருந்தின் பின்னால் ஒரு தகர உருளை, அதில் மரக்கரி, காலையில் கைவிசிறியைச் சுற்றிச் சுற்றி நெருப்பை மூட்ட ஓர் ஆள். அங்கே மாறியது இன்ஜின் இல்லை, அதன் சாப்பாடு. ஆனாலும் உற்பத்தியாளர் ஒன்று நினைத்துச் செய்த வண்டியை ஊர்க்காரர் வேறொன்றாக ஓட்டும் துணிச்சல் அங்கிருந்தே தொடங்குகிறது. 1990-க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடையின்போது அதே துணிச்சல் வேறு உருவில் வந்தது. ஆஸ்டின் கேம்பிரிட்ஜும் மொரிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் செய்ய மட்டும் சில சொட்டுப் பெட்ரோல். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். புகையும் நாற்றமும் இருந்தன, வண்டியும் இருந்தது.

அசல் இன்ஜின் மாற்றம் 1950-களில் பெரிதாகிறது. பெட்ரோலில் ஓடிய பழைய அமெரிக்க, பிரிட்டிஷ் லாரிகளில் பெர்கின்ஸ் பி6 என்னும் ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினை இறக்கினார்கள். பெர்கின்ஸ் இன்ஜின்களை இங்கே செய்தது சென்னை சிம்ப்சன் நிறுவனம். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் விலை எகிற, டீசல் மலிவாகவே இருக்க, ஜீப்பும் அம்பாசடரும் வரிசையில் நின்றன. 1980-களில் பஜாஜ் டெம்போ, மெர்சிடஸ் உரிமத்தில் செய்த ஓ.எம். 616 என்ற 2.4 லிட்டர் டீசல் இன்ஜின் வந்தது. மக்கள் வாயில் அது ‘மேட்டடார் இன்ஜின்’. ஜீப்புக்கு மேட்டடார் இன்ஜின் போட்டவர் ஊரில் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார். டீசல் விலைக் கட்டுப்பாட்டை அரசு 2014 அக்டோபரில்தான் முழுதாகக் கைவிட்டது. அதுவரைக்கும், சில பத்தாண்டுகள், ‘பெட்ரோலை எடுத்துவிட்டு டீசலைப் போடு’ என்பதே இன்ஜின் மாற்றத்தின் பொருளாதாரம். இன்று பிக்கப்காரர் கேட்பது வேறு: டீசலை எடுத்துவிட்டு இன்னொரு டீசல். லாபம் எரிபொருள் விலையில் வராது. இழுவையிலும் மைலேஜிலும் பட்டறைச் செலவு குறைவதிலும்தான் வர வேண்டும்.

வம்சம் என்று சொன்னேன் அல்லவா, அதை வண்டிக்காரர்கள் நினைப்பதைவிட எளிதாகக் கண்டுபிடிக்கலாம். டாடா தன் இன்ஜின்களுக்கு வைத்த பெயர்கள் ஜாதகம் போல. 497 என்றால் நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மில்லிமீட்டர் விட்டம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 100 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 2956 சி.சி. வருகிறது. 1986-இல் வந்த 407-க்கும் பின்னால் வந்த 207 டி.ஐ. பிக்கப்புக்கும் அதே இன்ஜின். லாரிகளில் வந்த 697 என்பது அதே 97 விட்டத்தில் ஆறு சிலிண்டர். 1988-இன் டாடாமொபைலில் இருந்தது 483: நாலு சிலிண்டர், 83 மில்லிமீட்டர், 1948 சி.சி. இண்டிகா காரின் இன்ஜின் 475. அதைச் சரிபாதியாக நறுக்கி 275 ஆக்கி, 702 சி.சி.யில் 2005-இல் ஏஸ் வண்டியில் வைத்தார்கள். நாம் குட்டியானை என்று கூப்பிடுவது அதைத்தான். இந்த மூன்று இலக்கங்களைப் படிக்கத் தெரிந்தவர் உடைக்கும் கடையில் ஏமாறுவது குறைவு. 483 வண்டிக்கு 497 ‘நேராக உட்காரும், டாடாதானே’ என்று யாராவது சொன்னால், இரண்டும் ஒரே தெருவில் இருக்கும் இரு வேறு குடும்பங்கள் என்று பதில் சொல்லலாம்.

மஹிந்திரா ஜாதகம் இன்னும் சுவையானது. பொலேரோ பிக்கப்பின் 2523 சி.சி. இன்ஜினுக்கு விட்டம் 88.9 மில்லிமீட்டர், ஏற்ற இறக்கம் 101.6 மில்லிமீட்டர். மில்லிமீட்டரில் யோசிக்கும் ஒரு பொறியாளர் இப்படி உடைந்த எண்களை ஏன் வைக்கப் போகிறார்? அங்குலத்துக்கு மாற்றினால் குட்டு வெளிப்படும்: மூன்றரை அங்குலம், நாலு அங்குலம். இது இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் டிராக்டரின் அளவு. 1963-இல் அந்த நிறுவனத்தோடு கைகோத்த மஹிந்திரா, பி-275 டிராக்டரை இந்தியாவில் செய்யத் தொடங்கியது. பி-275-இன் இன்ஜினுக்கு விட்டம் கொஞ்சம் குறைவு, ஏற்ற இறக்கம் அதே நாலு அங்குலம். அதன் அண்ணன் இன்ஜினின் அளவுதான் பொலேரோவுக்கு வந்தது. இந்தப் பக்கத்துக் கரும்புக் கொல்லையையும் மணிலாக் கொல்லையையும் உழுத டிராக்டரும், விளைச்சலை ஏற்றிப் போகும் பிக்கப்பும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகும் பொலேரோ பிக்கப் அந்த 2523-ஐ விடவில்லை. அறுபது வருஷமாக ஒரே வார்ப்பில் நிற்கும் இரும்பு என்றால் மாற்று இன்ஜின் தேடுகிறவருக்குக் கொண்டாட்டம்தானே என்று தோன்றும். அந்தக் கொண்டாட்டம் எங்கே முடிகிறது என்பதைக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

முதலில் இரும்பு.

இன்ஜினைத் தூக்கி வைப்பது ஒரு நாள் வேலை. அதை கியர்பாக்ஸோடு சேர்ப்பதுதான் வேலை. இன்ஜினின் பின்முகத்தில் பெல் ஹவுசிங் பிடிக்கும் போல்ட் துளைகள் பழைய வண்டியின் ஹவுசிங்கோடு பொருந்தினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பொருந்தவில்லை என்றால் நடுவில் ஓர் அடாப்டர் பிளேட் வேண்டும். லேத்காரர் கடைந்து தருவார். அங்கேதான் ஆபத்தும். கிராங்க் ஷாஃப்டின் நடுக்கோடும் கியர்பாக்ஸின் முதன்மை ஷாஃப்டின் நடுக்கோடும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் சில பங்கு விலகினாலே பைலட் பேரிங் கத்த ஆரம்பிக்கும், கிளட்ச் பிளேட்டின் நடுப்பல் தேயும், கடைசியில் கியர்பாக்ஸின் முன்பேரிங் போகும். வண்டிக்காரர் கியர்பாக்ஸைப் பிரித்துப் பிரித்துச் செலவழிப்பார். குற்றவாளி நடுவில் இருக்கும் அந்தத் தகடு. கிளட்ச் பிளேட்டின் விட்டம் புது பிளைவீலுக்கும், அதன் பல் எண்ணிக்கை பழைய ஷாஃப்டுக்கும் ஒத்துப்போக வேண்டும். ஆயில் சம்ப் முன் அச்சில் இடிக்கக் கூடாது. இன்ஜின் இரண்டு அங்குலம் முன்னேயோ பின்னேயோ போனால் பிரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டியோ நீட்டியோ ஆக வேண்டும். பேலன்ஸ் பார்க்காமல் வெட்டினால் அறுபதில் வண்டி நடுங்கும்.

பட்டறையில் யாரும் போடாத கணக்கு ஒன்று இருக்கிறது. பழைய எம்.எம். 540 ஜீப்பில் இருந்த 2112 சி.சி. பெஜோ இன்ஜினின் அதிகபட்ச முறுக்குவிசை 121 நியூட்டன் மீட்டர். பிற்காலத்து 2523 சி.சி. காமன்ரெயில் பொலேரோ இன்ஜினுக்கு 195. வித்தியாசம் அறுபது சதவீதம். முதல் கியர் விகிதம் 4, பின் அச்சு விகிதம் 5 என்று வைத்துக்கொண்டால் முன்பு சக்கரத்துக்குப் போனது 2420, இப்போது 3900. அந்த 3900-ஐத் தாங்க வேண்டியவை பழைய கியர்பாக்ஸின் பல், பழைய கிராஸ், பழைய கிரவுன் பினியன், பழைய ஆக்சில். முழு லோடில் மேட்டில் நின்றுவிட்டு கிளட்சைச் சட்டென விட்டால் இவற்றில் எது பலவீனமோ அது பேசும். ‘இன்ஜின் மாத்தின பிறகு ஆக்சில் ஒடிஞ்சிருச்சு, ராசியில்லாத இன்ஜின்’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். இதில் ராசிக்கு என்ன வேலை? பெருக்கல் வாய்ப்பாடு போதும்.

வெப்பமும் அப்படித்தான். டீசலில் உள்ள சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சூடாகத் தண்ணீருக்குப் போகிறது. அதிக சக்தி தரும் இன்ஜினுக்குப் பழைய ரேடியேட்டரையே வைத்தால் மார்கழியில் ஒன்றும் தெரியாது. அக்னி நட்சத்திரத்தில் பலா லோடோடு போகும்போது ஹெட் கேஸ்கட் சொல்லிக் கொடுக்கும். டர்போ உள்ள இன்ஜின் என்றால் இன்டர்கூலருக்கு முன்னால் இடம் வேண்டும், காற்று வர வழி வேண்டும். பிரேக்கை மறந்தே போகிறார்கள். பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் தரும் வேக்குவம் பம்ப் பல டீசல் வண்டிகளில் ஆல்டர்நேட்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. புது இன்ஜினோடு வந்த ஆல்டர்நேட்டரில் அது இல்லை என்றால் பிரேக் பெடல் கல்லாகிவிடும். வேகம் கூடிய வண்டிக்குப் பழைய டிரம் பிரேக்கே என்றால், இன்ஜினுக்குச் செலவழித்ததில் ஒரு பங்கைப் பிரேக்குக்கும் ஒதுக்காதவரை அந்த வண்டியின் முன்னால் சைக்கிளில் போக எனக்கு விருப்பமில்லை.

இத்தனையும் சொன்ன பிறகும் இரும்புச் சிக்கல் தீர்க்கக் கூடியதே. அளவெடுத்து, கடைந்து, வெல்டு செய்து தீர்க்கலாம். நெய்வேலியைச் சுற்றி வளர்ந்த பட்டறைகளுக்கு இது கைவந்த கலை. 1957-இல் சுரங்கம் தோண்டத் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்தில் ஃபிட்டர், டர்னர், வெல்டர் இல்லாத தெரு அபூர்வம். (ஒரு வேடிக்கை: அந்தச் சுரங்கத்தில் மண்ணைக் கொத்தும் ராட்சத சக்கர எந்திரங்களுக்கு டீசல் இன்ஜினே கிடையாது. தடித்த கேபிளில் வரும் மின்சாரத்தில் ஓடுகின்றன. இன்ஜின் தகராறெல்லாம் சுரங்கத்துக்கு வெளியே ஓடும் நம் வண்டிகளுக்குத்தான்.)

ஒயருக்கு வருவோம். பழைய டீசல் இன்ஜின் ஒரு தன்மானி. பம்ப் அழுத்துகிறது, நாசில் பீய்ச்சுகிறது, சூட்டில் தானே பற்றுகிறது. பம்பை நிறுத்தும் ஒரு சொலினாய்டு ஒயரைத் தவிர அதற்கு மின்சாரத்தோடு பெரிய உறவில்லை. பேட்டரியைக் கழற்றி எறிந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் பம்ப் இன்ஜின்களை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். காமன்ரெயில் வந்ததும் கதை மாறியது. டீசல் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் ஒரு குழாயில் காத்திருக்கிறது. எந்தச் சிலிண்டருக்கு எப்போது, எத்தனை தவணையில், எவ்வளவு விட வேண்டும் என்று ஒரு கம்ப்யூட்டர் பெட்டி தீர்மானிக்கிறது. பட்டறையில் அதற்கு ஈசியூ, ஈசிஎம் என்று பெயர். கிராங்க் எங்கே நிற்கிறது, கேம் எங்கே நிற்கிறது, தண்ணீர் எவ்வளவு சூடு, காற்று எவ்வளவு உள்ளே போகிறது, டிரைவர் பெடலை எவ்வளவு மிதித்தார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்சார், ஒவ்வொரு சென்சாருக்கும் ஒயர். ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து இன்ஜினுக்குக் கேபிளே போகாது. பெடல் ஒரு செய்தியை அனுப்புகிறது, அவ்வளவே. சாவியில் உள்ள சிப் சரியில்லை என்றால் பெட்டி இன்ஜினைப் பற்றவே விடாது.

அதனால் காமன்ரெயில் இன்ஜினை ‘இன்ஜின்’ என்று தனியாக வாங்குவது, கல்யாண வீட்டில் தாலியை மட்டும் வாங்கி வருவது போல. பெட்டி, முழு ஒயரிங் கிட், பெடல், சாவி, மீட்டர் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். உடைக்கும் கடையில் ஒயரிங்கை அவிழ்த்து எடுக்க யாருக்கும் பொறுமையில்லை, கட்டரால் நறுக்கிவிடுகிறார்கள். நறுக்கிய கிட்டை ஒட்டுப்போட்டு ஓட்டினால் மழையில் ஒரு ஒட்டு நனையும், வண்டி வேகமெடுக்காமல் நொண்டியடிக்கும். எந்த ஒட்டு என்று தேடுவதற்குள் சீசன் முடிந்துவிடும்.

பழைய வண்டியின் டீசல் டாங்க்கைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. இருபது வருஷ டாங்க்கின் உள்ளே துரு செதில் செதிலாக இருக்கும். பழைய பம்ப் இன்ஜின் அதில் கொஞ்சத்தை முணுமுணுத்துக்கொண்டே விழுங்கிவிடும். காமன்ரெயில் இன்ஜெக்டரின் இடைவெளிகள் தலைமுடியைவிட மெல்லியவை. துருத்தூளும் தண்ணீரும் அதற்கு விஷம். டிரம்மில் வாங்கி வைத்த டீசலைக் குழாய் போட்டு உறிஞ்சி ஊற்றும் பழக்கமும் அதோடு சேர்ந்தால், இன்ஜெக்டர் செட்டின் விலை உடைக்கும் கடையில் கொடுத்த விலையை எட்டிப்பிடித்துவிடும்.

பி.எஸ். 6 இன்ஜினைப் பழைய வண்டியில் வைப்பதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. புகைத்துகளை வடிக்கும் ஃபில்டரும் அதன் அழுத்த, வெப்ப சென்சார்களும் இல்லாமல் அந்தப் பெட்டி ஒத்துழைக்காது. அவற்றையெல்லாம் பொருத்தப் பழைய வண்டியின் அடிவயிற்றில் இடம் இருக்காது. மேலே சொன்ன கொண்டாட்டம் முடியும் இடம் இதுதான். விட்டமும் ஏற்ற இறக்கமும் ஒன்றாக இருக்கலாம், வார்ப்பும் ஒன்றாக இருக்கலாம். பேச்சு மொழி வேறாகிவிட்டது.

மூன்றாவது காகிதம். இங்கேதான் பட்டறைகளில் அதிகப் பொய் உலவுகிறது. ‘எல்லாம் பிரேக் இன்ஸ்பெக்டரைப் பார்த்துக்கலாம்’ என்பது அதில் தலையாயது.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு மாற்றங்களைப் பற்றியது. 2000-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அதன் அடிப்படை விதி இது: பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறித்துக் கொடுத்ததற்கு முரண்படும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் வட்டாரப் போக்குவரத்து அதிகாரி ஒருவர் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதிசெய்தது. மாநில விதிகள் இதைத் தாண்ட முடியாது என்றும் அந்தத் தீர்ப்பு சொல்லிற்று. இன்ஜின் மாற்றத்தை அந்தப் பிரிவு தனியாகத் தொடுகிறது. பத்துக்குக் குறையாத போக்குவரத்து வண்டிகள் வைத்திருப்பவருக்கு, அதே தயாரிப்பும் அதே வகையுமான இன்ஜினை முன்அனுமதி இல்லாமல் மாற்றிக்கொள்ள மாநில அரசு அனுமதி தரலாம். அப்படி மாற்றினாலும் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் புது எண்ணை ஏற்ற வேண்டும். தவணையில் எடுத்த வண்டியாக இருந்தால், பதிவில் உரிமையாளராக உள்ளவரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் எதையும் மாற்றக் கூடாது.

குள்ளஞ்சாவடியில் பத்து வண்டி வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஒற்றை வண்டிக்காரர் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். பத்து வண்டிக்காரருக்கே ‘அதே தயாரிப்பு, அதே வகை’ என்பதுதான் எல்லைக்கோடு என்றால், ஒற்றை வண்டிக்காரர் டாடா வண்டிக்கு மஹிந்திரா இன்ஜின் கேட்டு நிற்பதில் பயன் இருக்காது. அனுமதியில்லாமல் மாற்றினால் 2019 திருத்தத்தின் 182ஏ பிரிவு காத்திருக்கிறது: ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதம்கூடப் பெரிய விஷயமில்லை. ஆர்.சி.யில் ஒரு இன்ஜின் எண், வண்டியில் வேறு எண் என்ற நிலையில் ஒரு விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தர மறுக்க வேறு காரணம் தேட வேண்டியதே இல்லை. பிக்கப்காரரின் வாழ்நாள் சேமிப்பு அந்த ஒரு வரியில் போய்விடும்.

சொந்தத்தில் கட்டச் சொன்ன மெக்கானிக்கும் சட்டமும் ஒரே இடத்தில் வந்து நிற்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. அவர் அடாப்டர் பிளேட்டைப் பற்றிக் கவலைப்பட்டுச் சொன்னதைச் சட்டம் வேறு காரணத்துக்காகச் சொல்கிறது.

இதே கேள்விக்கு அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் தருகிறது. அங்கே மாற்று இன்ஜின் வண்டியின் மாடல் ஆண்டுக்குச் சமமானதாகவோ அதைவிடப் புதியதாகவோ இருக்க வேண்டும். பழையதைப் போடக் கூடாது. அந்த இன்ஜினோடு பிறந்த புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒன்று விடாமல் கூடவே வர வேண்டும். வேறு கம்பெனி இன்ஜின் என்றாலும் பரவாயில்லை. புகைப் பரிசோதனை நடுவர் ஒருவர் பார்த்துச் சான்று தருவார். அதனால்தான் ரொட்டி விநியோக வேன்களிலிருந்து கழற்றிய கம்மின்ஸ் நாலு சிலிண்டர் டீசலைப் பழைய பிக்கப்பில் வைப்பது அமெரிக்காவில் ஒரு தனிக் கலையாக வளர்ந்தபோதும், கலிஃபோர்னியாக்காரர் ஆண்டுக் கணக்கையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர்கள் கேட்பது ‘காற்று மோசமாகுமா?’ நாம் கேட்பது ‘ஆர்.சி.யில் உள்ளதும் வண்டியில் உள்ளதும் ஒன்றா?’ 2010-இல் நாடு முழுவதும் பி.எஸ். 3, 2017-இல் பி.எஸ். 4, 2020-இல் நேராக பி.எஸ். 6 என்று புகை விதியை இறுக்கிக்கொண்டே வந்த நாட்டில், பழைய வண்டிக்குக் கொஞ்சம் சுத்தமான இன்ஜினைப் போட முன்வருபவருக்கும் ஒரு வாசல் இருந்திருக்கலாம். சட்டம் சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி என்று எரிபொருள் மாற்றும் கிட்டுக்கு நிபந்தனையோடு வாசல் வைத்திருக்கிறது. ஒரு டீசலிலிருந்து நல்ல டீசலுக்குப் போக ஒரு சந்துதான் இருக்கிறது. இது சரியில்லை என்பது என் கருத்து. ஆனால் சரியில்லாத சட்டமும் சட்டம்தான்.

ஆக, நடைமுறையில் என்ன செய்யலாம்? 207 டி.ஐ. வைத்திருப்பவர் 497 குடும்பத்திலேயே, தன் வண்டிக்குரிய அதே வகையைத் தேடட்டும். ஒரே 497 என்ற பெயரில் டர்போ இல்லாதது, டர்போ உள்ளது, இன்டர்கூலரும் சேர்ந்தது என்று வகைகள் உண்டு. பழைய பொலேரோ பிக்கப் வைத்திருப்பவர் பம்ப் வைத்த 2523-இன் கடைசிக் காலத்து இன்ஜினைத் தேடட்டும். காமன்ரெயில் பக்கம் ஆசை போனால் இன்னொரு முறை டாங்க்கை எட்டிப் பார்க்கட்டும்.

தேடும்போது கண்ணால் பார்க்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. ஓட விட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்தால் மெல்லிய மூச்சு வரலாம்; குப்குப்பென்று அடித்தால் ரிங்கும் லைனரும் போய்விட்டன. மூடியின் உட்புறம் மோர் நுரை போல இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. முன்புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் கிராங்க் அசையக் கூடாது. கம்ப்ரஷன் பார்க்கும் மீட்டர் கடலூரில் கிடைக்காத பொருள் இல்லை; அதற்கு மறுக்கும் கடையில் வாங்காமல் வருவது நல்லது. சென்னைப் புதுப்பேட்டைக்கே போய் வாங்கினாலும் இதே சோதனைதான். ‘கம்பெனி இன்ஜின், கை வைக்காதது’ என்ற வாசகத்துக்கு அங்கும் இங்கும் மதிப்பு ஒன்றுதான்.

கண்ணால் பார்க்க முடியாதது இன்ஜின் எண்ணின் சரித்திரம். எண் அடித்த இடம் தேய்த்து வழவழப்பாக இருந்தால், திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். திருட்டு வண்டியின் இன்ஜின் என்றால் வாங்கியவரும் காவல் நிலையத்துக்குப் போக வேண்டியிருக்கும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய’ இணையச் சேவையில் எண்ணைக் கொடுத்து, தேடப்படும் வண்டியின் இன்ஜினா என்று பார்த்துக்கொள்ளலாம். கடையின் ரசீதில் எந்த வண்டியிலிருந்து எடுத்தது, அதன் பதிவு எண், சேசிஸ் எண், இன்ஜின் எண் மூன்றும் இருக்க வேண்டும். பதிவு அலுவலகத்தில் முதலில் கேட்கப்படுவதும் அந்தத் தாள்தான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அதை யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. இன்ஜினை மாற்றாமலே இருப்பது. ரீபோர் செய்து அடுத்த அளவு பிஸ்டன் போடுவது, அல்லது லைனர் பிஸ்டன் செட், பேரிங், ஹெட் ஒர்க், பம்ப் நாசில் ஒர்க். செலவு கூடத்தான். ஆனால் எண் மாறாது, ஒயர் மாறாது, மவுண்டிங் மாறாது, அனுமதி கேட்டு டி.என். 31 அலுவலகத்தில் நிற்க வேண்டியதில்லை. உடைக்கும் கடை இன்ஜின் ஒரு லாட்டரி. ரீபோர் செய்த இன்ஜின் கையெழுத்துப் போட்ட கணக்கு. பிளாக்கில் விரிசல், கிராங்க் இனி கடைய முடியாத அளவு தேய்ந்தது, கனெக்டிங் ராடு உடைந்து சுவரைக் கிழித்தது, இப்படி இருந்தால் மட்டுமே மாற்று இன்ஜின் என்பது என் கணக்கு. ஒரு சீசன் லோடை இழக்க முடியாதவருக்கு இந்தக் கணக்கு கசக்கும். பட்டறையில் இருபது நாள் நிற்கும் வண்டி தவணைக்காரருக்கும் வியாபாரிக்கும் பதில் சொல்லாது. ஒரு நாளில் இன்ஜினை மாற்றி மறுநாள் பலா ஏற்றப் போகிறவரைப் பார்த்து நான் சட்டம் பேசினால், அவர் சிரிக்காமல் இருப்பதே மரியாதை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய வாகன அழிப்புக் கொள்கை இந்தக் கணக்கை இன்னொரு பக்கமிருந்து நெருக்குகிறது. 2022 ஏப்ரலிலிருந்து பதினைந்து வயது தாண்டிய வண்டிகளுக்கு எஃப்.சி. கட்டணம் பல மடங்கு கூடியது. எந்திரங்களே சோதிக்கும் நிலையங்களும் வரத் தொடங்கிவிட்டன. பழைய வண்டியில் நல்ல இன்ஜின் இருந்தாலும் வண்டிக்கே எத்தனை வருஷம் மீதி என்று கேட்டுவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டியிருக்கிறது. அதே கொள்கை உடைக்கும் கடைகளுக்கு நல்ல இன்ஜின்கள் வரும் வழியையும் மாற்றும்: பதிவு பெற்ற அழிப்பு நிலையத்துக்குப் போகும் வண்டி, தெருமுனைக் கடைக்கு வராது.

போன வைகாசியில் இங்கே ஒரு பட்டறையில் ஒரு 207 டி.ஐ.யின் இன்ஜினை இறக்கினார்கள். அதே வகை 497 கிடைத்து, அனுமதித் தாளும் கையில் வந்த பிறகு நடந்த மாற்றம். வேப்பமரத்துக் கிளையில் செயின் பிளாக். புது இன்ஜின் மதியத்துக்குள் உட்கார்ந்துவிட்டது. சாயங்காலம் உரிமையாளர் ஆர்.சி. புக்கோடு வந்து, புது எண்ணின் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்துக்கொண்டிருந்தார். பழைய இன்ஜின் மரத்தடியில் சாக்கின் மேல் கிடந்தது. பிளாக்கில் விரிசல் விட்டிருந்தது, ஹெட் இன்னும் நன்றாகத்தான் இருந்தது. குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து பைக்கில் வந்த ஒருவர் அதைச் சுற்றி இரண்டு முறை நடந்துவிட்டு, மெக்கானிக்கிடம் கேட்டார்: “இந்த ஹெட்டு மட்டும் குடுப்பீங்களாண்ணே? நம்ம வண்டியும் 497தான்.”